வேகம் குறைந்தது, டைமிங் குறையவில்லை: நாகேஷின் அரை நூற்றாண்டு ஆட்டம்

தமிழ் சினிமாவில் நாகேஷ் அளவுக்கு உடம்பை வேகமாக ஓடவிட்ட நடிகர் வேறு யாரும் இல்லை. அதே நாகேஷ் 1994-ல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். கண் திறக்கவில்லை, வாய் அசையவில்லை, தியேட்டர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள். அதற்குள் அவர் எதை விட்டார், எதைக் கடைசிவரை விடவில்லை என்று பார்த்தால், எந்தத் தொழிலிலும் நீடிக்க நினைப்பவருக்கு அதில் பாடம் இருக்கிறது.

முதலில் தொடக்கம். 1933-ல் பிறந்த தாராபுரத்துக்காரர். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, மிச்ச நேரத்தில் அமெச்சூர் நாடகம். ஒல்லி உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு. கதாநாயகன் என்றால் அழகான முகம்தான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்த காலம் அது. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேடம் போட்டு, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றதை அவரே சொல்லியிருக்கிறார். 1959-ல் 'தாமரைக்குளம்' படத்தில் சினிமாவுக்குள் நுழைந்தார். முகத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தவர், கை, கால், தோள், குரல் என்று மற்ற எல்லாவற்றையும் பேசவைக்கப் பழகினார்.

அந்தப் பழக்கத்தின் உச்சம் 'காதலிக்க நேரமில்லை' (1964). ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா, அப்பா பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நாம் நாகேஷைப் பார்த்துத்தான் ரசிக்கிறோம். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பி, குரலை ஏற்றி இறக்கிப் பயமுறுத்துகிறார். ஆனால் சிரிப்பு வெடிப்பது பாலையாவின் முகத்தில். ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு நாகேஷ் ஒரு நொடி நிறுத்துகிறார். அந்த இடைவெளியில்தான் பெரியவர் மிரள்கிறார், திரும்பிப் பார்க்கிறார், எச்சில் விழுங்குகிறார். வேகமாக ஆடுகிறவர் எதிராளிக்கு இடம் விட்டு ஆடுகிறார். காட்சியை ஜெயிக்கவைத்தது அந்த ஒரு நொடிதான்.

அடுத்த ஆண்டே 'திருவிளையாடல்'. ஏழைப் புலவர் தருமியாக வந்த நாகேஷுக்குப் படத்தில் கிடைத்த நேரம் கொஞ்சம். கோயிலில் தனியாகப் புலம்பும்போது குரலில் ஆசையும் இயலாமையும் மாறி மாறி வருகின்றன. சிவாஜியிடம் கேள்வி கேட்கும்போது உடம்பு முன்னால் பாய்கிறது, பதில் வந்ததும் பின்னால் ஒடுங்குகிறது. அரசவையில் ஏ.பி.நாகராஜனின் நக்கீரர் பாட்டில் குற்றம் சொன்னதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார். அந்தக் கெஞ்சலில் நாம் சிரிக்கிறோம். ஆனால் பரிசான ஆயிரம் பொன் கைக்கு எட்டாமல் போகிற ஏழையின் வயிறும் அதில் தெரிகிறது. தருமி இன்றும் நம் பேச்சில் புழங்குவதற்கு அதுவே காரணம். வசனத்தைச் சிரிப்புக்காகச் சொல்லாமல், பசிக்காகச் சொன்னார் நாகேஷ்.

இதே பசியைத்தான் 'சர்வர் சுந்தர'த்திலும் (1964) கே.பாலசந்தர் இயக்கிய 'எதிர்நீச்ச'லிலும் (1968) கதையின் நடுவில் வைத்தார்கள். மாடிப்படிக்கடியில் படுத்துக்கொண்டு வீடு முழுக்க எடுபிடி வேலை செய்யும் 'எதிர்நீச்சல்' மாதுவைப் பார்த்துச் சிரிக்கத் தயங்குவோம். அதே 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. முதுகை வளைத்துக் கும்பிடும் அந்தக் கும்பிடுக்குள் எவ்வளவு விஷம்! ஒரே ஆண்டில் ஒருவரே நம் இரக்கத்தையும் வெறுப்பையும் சம்பாதித்தார். நகைச்சுவை நடிகர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் முழு நடிகர் அன்றைக்கே தயாராக இருந்தார்.

பிறகு காலம் மாறியது. எழுபதுகளின் பிற்பகுதியில் புதிய முகங்கள் வந்தன, வாய்ப்புகள் குறைந்தன. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பழைய வெற்றியை அதே சேட்டையோடு திரும்பச் செய்து காட்டி, ரசிகனின் பொறுமையைச் சோதிப்பார்கள். வேகம் போன பந்துவீச்சாளர் லைனையும் லெங்த்தையும் நம்பி விக்கெட் எடுப்பதுபோல, நாகேஷ் தன்னிடம் மிஞ்சியதை நம்பினார். மிஞ்சியது டைமிங்.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அவர் வில்லன். முப்பது ஆண்டுகளாகச் சிரித்துப் பழகிய ரசிகனைப் பயப்பட வைக்க வேண்டும். நாகேஷ் கத்தவில்லை, ஆட்டத்தைச் சுருக்கினார். முன்பு சிரிப்புக்காக விட்ட இடைவெளியை இப்போது மிரட்டலுக்காக விட்டார். கருவி அதே, வேலை வேறு.

இனி அந்தப் பிணத்துக்கு வருவோம். உயிருள்ள ஆளைத் தூக்கினால் அவர் தன்னை அறியாமலே உடம்பைத் தாங்கிக் கொடுப்பார்; கழுத்து விறைக்கும், கை பிடிமானம் தேடும். அந்த அனிச்சையை அடக்கி, முழுப் பாரத்தையும் மற்றவர் கையில் விட்டுவிடுவது பெரிய பயிற்சி. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் அந்த உடம்போடு அல்லாடும்போது சிரிப்பு அவர்களுடைய தவிப்பில் பிறக்கிறது. பாலையாவுக்கு ஒரு நொடி இடம் கொடுத்தவர், இங்கே காட்சி முழுவதையும் சக நடிகர்களுக்கே கொடுத்துவிட்டார். அதே ஆண்டு 'நம்மவ'ரில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். துக்கத்தில் நிலைகுலையும் அந்தத் தகப்பனுக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு!

பத்ம விருது எதுவும் அவருக்கு வரவில்லை. தமிழ் ரசிகனாக அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அவர் விருதுக்காகக் காத்திருந்து ஆட்டத்தை நிறுத்தவில்லை. 2008-ல் 'தசாவதாரம்' வரை நடித்தார். 2009 ஜனவரி 31-ல் மறைந்தார்.

இன்று கேமரா முன் நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாகேஷின் கையசைப்பைக் காப்பியடிக்காதீர்கள், அது அவருடைய உடம்புக்கே உரியது. அவர் எங்கே நிறுத்தினார், நிறுத்தி யாருக்கு வழிவிட்டார் என்று எண்ணிப் படியுங்கள். எதிரில் நிற்பவரை நன்றாக ஆடவைக்கத் தெரிந்தவருக்கு வயது ஒரு தடையே இல்லை. வேகத்தை மட்டும் நம்பியவர் அது தீர்ந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.