மேடைக்கும் ஒரு விதைப்புக் காலம் வேண்டும்

கோடை விழா முடிந்து கூட்டம் மலையிறங்கியதும் ஊட்டியில் பேச்சு பூக்களைப் பற்றித்தான். மாலை மேடையில் யார் ஆடினார்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கலைஞர்களிடம் திறமை இல்லாமல் இல்லை. குறை திட்டத்தில் இருக்கிறது. மலர்க் கண்காட்சிக்குத் தோட்டக்கலைத் துறை பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, நாற்றைத் தொட்டிக்கு மாற்றி, மே மாதத்தில் பூக்கும்படி கணக்குப் போடுகிறது. அதே கணக்கை மேடைக்கும் ஒருவர் போட்டால் என்ன நடக்கும்? நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது: ருக்மிணி தேவி அருண்டேலின் நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா.

அடையாறில் 1936-ல் அதைத் தொடங்கியவர், 1986-ல் மறையும்வரை எதை மேடையேற்றுவது, யார் இசையமைப்பது, என்ன உடுத்துவது என்று எல்லாவற்றையும் தானே தீர்மானித்தார். அவர் தேர்ந்தெடுத்த வரிசையைக் கவனியுங்கள். 1944-ல் குற்றாலக் குறவஞ்சி: தமிழ் ரசிகருக்குப் பழகிய கதை, பழகிய வடிவம். அதில் கால் ஊன்றிய பிறகே 1947-ல் காளிதாசனின் குமாரசம்பவம், டைகர் வரதாச்சாரியாரின் இசையில். அதற்குப் பிறகுதான் பெரிய ஆட்டம். 1955-ல் சீதா சுயம்வரம் தொடங்கி 1970-ல் மகா பட்டாபிஷேகம்வரை, வால்மீகி ராமாயணம் ஆறு நாட்டிய நாடகங்களாக மேடையேறியது. ஒரே காவியத்துக்கு 15 ஆண்டுகள்!

ஆள் தேர்வில் அவர் காட்டிய துணிச்சல் இன்னும் பெரிது. ராமாயணத்துக்கு இசையமைக்க அவர் அழைத்தது மைசூர் வாசுதேவாச்சாரியாரை. 1865-ல் பிறந்த அந்த வித்வானுக்கு சீதா சுயம்வரம் அரங்கேறியபோது வயது 90. 1961-ல் அவர் மறைந்தார். மீதிப் பணியை அவரிடமே பயின்ற பேரன் ராஜாராம் முடித்தார். தாத்தாவின் பாணியைப் பேரன் தொடர்ந்ததால் ஆறு நாடகங்களும் ஒரே குரலில் பேசின. ஆண் பாத்திரங்களுக்கு உடல் வலு வேண்டும் என்று கதகளி ஆசான்கள் அம்பு பணிக்கரையும் சந்து பணிக்கரையும் கேரளத்திலிருந்து வரவழைத்தார். ஆடைக்குத் தன் வளாகத்திலேயே தறி போட்டார்.

குறையும் உண்டு. சிருங்காரமே பரதத்தின் உயிர் என்று வாதிட்ட நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு, அந்தச் சிருங்காரத்தை ருக்மிணி தேவி கத்தரித்தது ஏற்புடையதாக இல்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே ஆள் முடிவெடுக்கும் இடத்தில் அவருடைய பிடிக்காமைகளும் மேடையேறும். ஆனாலும் அந்த நாடகங்கள் இன்றும் ஆடப்படுகின்றன. ஒரு இயக்குநரின் வெற்றிக்கு அதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடியினர். ஹெத்தையம்மன் பண்டிகை கொண்டாடும் படுகர்கள். தேயிலைத் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் இலங்கை மலையகத்திலிருந்து கொண்டுவந்த கலைகள். இத்தனை செல்வத்தைக் குழுவுக்கு ஐந்து நிமிடம் என்று மேடையில் பங்கு பிரிப்பது திட்டம் ஆகாது. கோத்தர்களின் குழல் இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. இது தெரியாதவர் நிகழ்ச்சி நிரல் எழுதினால் திறப்பு விழாவில் சாவு மெட்டு ஒலிக்கும். எது மேடைக்கு வரலாம், எது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு முடிவெடுக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு ஒரு சீசன் போதாது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். கோடை விழாவுக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பில் ஒரு கலை இயக்குநரை நியமியுங்கள். பாலசரஸ்வதியின் வாதத்தை மறக்காமல், அவரைக் கேள்வி கேட்க மலைவாழ் கலைஞர்கள் அடங்கிய குழு ஒன்றை உடன் வையுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு நல்ல படைப்பு போதும். அடுத்த ஆண்டு அதையே மெருகேற்றி மறுபடி மேடையேற்றுங்கள். பூவுக்குக் காட்டும் பொறுமையை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் காட்டினால், நீலகிரிக்கென்று நிலைத்து நிற்கும் மேடை உருவாகும்.