முதலில் 'வெக்கை', அப்புறம் 'அசுரன்'!

யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: முதலில் புத்தகம், பிறகு படம். "கதை தெரிஞ்சுபோச்சுன்னா படத்துல என்ன சுவாரசியம்?" என்று இழுப்பவர்கள் கையில் பூமணியின் 'வெக்கை'யைத் திணித்துவிடுவேன்.

1982-இல் வந்த நாவல். தன் அண்ணனைப் பலிகொண்ட பண்ணையார் வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிச் சாய்ப்பதில் தொடங்குகிறது. வேறு யாராக இருந்தாலும் கடைசிக்கு வைத்திருப்பார்கள்; பூமணி எடுத்த எடுப்பிலேயே முடித்துவிடுகிறார்! அப்புறம் அப்பனும் மகனும் எட்டு நாள் தலைமறைவு. காட்டில் பொங்கித் தின்கிறார்கள், கிடைத்த இடத்தில் படுக்கிறார்கள், பேசுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடிந்தால்தானே! கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை ஒரு சொல் கடிந்துகொள்ளாமல், அவன் பசியையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்கிற அந்த அய்யா இருக்கிறாரே... அடடா! கரிசல் பேச்சு காதுக்குள்ளேயே குடியிருந்தது.

அந்தச் சூடு ஆறாமல்தான் 2019-இல், இந்த நாவலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' பார்க்கப் போனேன். தெரிந்த கதைதானே என்று சாய்ந்து உட்கார்ந்தவனை இரண்டாம் பாதி நிமிர வைத்துவிட்டது. படத்தில் சிவசாமி என்று பெயர் பெற்ற அய்யாவின் இளமைக்காலம், சாராயம் காய்ச்சும் வேலை, தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், செருப்புப் போட்டதற்காக அவர் மணக்கவிருந்த மாரியம்மாள் படும் அவமானம், 1968-இன் கீழ்வெண்மணிப் படுகொலையை நினைவூட்டும் அந்தத் தீ: எதுவுமே நாவலில் இப்படிக் கிடையாது! பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு பதறினாரோ அவ்வளவு நானும் பதறினேன். கூடவே அவருக்குக் கிடைக்காத இன்னொரு சந்தோஷம் எனக்கு: பூமணி பேசாமல் விட்ட இடத்தில் வெற்றிமாறன் நுழைந்து, இந்த அய்யா ஏன் இவ்வளவு பொறுமைசாலி என்பதற்கு ஒரு முழு வாழ்க்கையையே கட்டியெழுப்புவதைக் கண்ணெதிரே பார்த்தேன். சிவசாமியாக வரும் தனுஷின் அந்தக் கூனிய முதுகுக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. சிவசாமியின் மனைவியாக வரும் மஞ்சு வாரியரின் பச்சையம்மாளோ, கேட்கவே வேண்டாம்!

படத்தை முதலில் பார்த்திருந்தால்? நாவலின் அய்யா பேசும்போதெல்லாம் தனுஷின் குரல்தான் கேட்டிருக்கும். படித்துவிட்டுப் போனதால் எனக்கு இரண்டு அய்யாக்கள்! படம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். மனதில் முகங்கள் பதிவதற்கு முன்னால் 'வெக்கை'யை எடுத்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தான், இந்த வாரமே முடித்துவிடலாம்!