முகமூடியும் அடையாளமும்: மாணவர் இணையதள வடிவமைப்பில் ஒரு பொருட்சிக்கல்

முகமூடி என்னும் சொல் முகத்தை மூடுவது எனப் பொருள் தருகிறது. இப்பொருளை அடியொற்றி, முகமூடியைச் சொடுக்கினால் உண்மை முகம் தோன்றுமாறு மாணவர் இணையதளத்தை வடிவமைத்தல் எளிது. ஆயின் அஃது எல்லா முகமூடிகளுக்கும் பொருந்தாது. இன்றைய நைசீரியாவிலுள்ள பெனின் அரசில், 16ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தால் செதுக்கப்பட்ட முகமூடி இதற்குச் சான்று. மன்னர் எசிகியின் தாய் இடியாவின் முகமாகக் கருதப்படும் இதனை மன்னர் உடலில் பதக்கமாகவே அணிந்தார். எனவே இது தம் முகத்தை மறைக்காது, தாயுடனான உறவை அறிவித்தது எனலாம். 1897இல் ஆங்கிலேயப் படையால் கவரப்பட்ட இது இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1977இல் லேகோசு நகரில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் கலைவிழாவிற்கு இதன் உருவமே சின்னமாயிற்று. முகத்தை மட்டும் திரையில் காட்டும் வடிவமைப்பு அணிந்தவரையும் இழந்தவரையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. ஆதலின் முகமூடியை அணிந்தவர் யார், எங்கு அணிந்தார், அஃது எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பன முதற்பக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.