போலியும் மெய்யும்: திரைப்பட ஒலி பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கணத்திலே போலி என்றொரு வகை உண்டு. அறம் என்பது அறன் என்றும், நிலம் என்பது நிலன் என்றும் வருவதுபோல, ஓரெழுத்து நின்றவிடத்தில் வேறோரெழுத்து வந்தும் பொருள் திரியாது நிற்பது அது. உலகவழக்கிலோ போலி என்றால் ஏமாற்று என்றே கொள்ளப்படும். திரைப்படத்தின் ஒலிக்கலையை மதிப்பிட முற்படுவோர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. தற்செயலாக, அக்கலைக்கு மேனாட்டார் இட்ட பெயரும் ஃபோலி என்பதேயாம்.

அது ஜாக் ஃபோலி (1891–1967) என்பாரின் பெயர். 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும்படம் வெற்றிபெற்றபின், யூனிவர்சல் நிறுவனம் தனது 'ஷோ போட்' (1929) படத்துக்கு ஒலி சேர்க்கவேண்டியதாயிற்று. அப்பணியிற் பங்குகொண்ட ஃபோலி, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, நடிகரின் அசைவோடு இணையுமாறு காலடியோசை முதலியவற்றைத் தாமே எழுப்பிப் பதிவுசெய்யும் முறையை வளர்த்தெடுத்தார்.

இம்முறை ஏன் வேண்டப்பட்டது? படப்பிடிப்பின்போது ஒலிவாங்கி நடிகரின் பேச்சையே நாடி நிற்கின்றது. சேலையின் சரசரப்பும் கோப்பை வைக்கும் ஓசையும் அதிலே தெளிவாக விழுவதில்லை. உரையாடலைப் பின்னர்க் கலையகத்திற் பதிவுசெய்தாலோ, படத்தை வேறு மொழிக்கு மாற்றினாலோ, பேச்சோடு கலந்த களவொலியும் உடன் கழிந்துபோகின்றது. தமிழ்ப்படங்கள் நெடுங்காலம் பின்பதிவையே பெரிதும் நம்பியிருந்தமையால், கழிந்தவற்றையெல்லாம் மீள ஆக்கவேண்டிய தேவை இங்கும் இருந்தது.

ஆக்குவதற்கான கருவிகளோ நம் குசினியிலும் கோடியிலும் கிடப்பவை. இரு சிரட்டைகளைத் தட்டினால் குதிரையின் குளம்பொலி. தோற்பையிலிட்ட சோளமாவைப் பிசைந்தால் உறைபனியில் நடக்கும் காலடி. கண்ணாடித்தாளைக் கசக்கினால் எரியும் நெருப்பு. கையுறைகளை உதறினால் பறவையின் சிறகடிப்பு. தகரத்தை உலுக்கினால் இடி. உண்மைக் குதிரையிலும் சிரட்டையே குதிரையாய்க் கேட்பதேன்? செவி நாடுவது பொருளையன்று. அதன் நடையையும் அழுத்தத்தையுமே. அவை பொருந்தின், எஞ்சியதைக் கேட்போனின் நினைவே நிரப்பிக்கொள்கின்றது. வானொலி நாடகம் இதற்குத் தக்க சான்று. இலங்கை வானொலியிலே இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' ஒலித்தபோது, அவ்வீட்டைக் கண்ணாற் கண்டோர் எவருமிலர். ஆயினும் கேட்டோர் அனைவரும் அதனுள்ளே இருந்தனர்.

நமது கூத்து மரபு இவ்வுண்மையை வேறுவழியில் அறிந்திருந்தது. வடமோடியிலே அரசன் தேரேறி வருகின்றான். களரியிலே தேருமில்லை, குதிரையுமில்லை. அண்ணாவியாரின் மத்தளமும் ஆடுவோனின் சதங்கையுமே தேராகின்றன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக்கொண்டு கூத்தைப் புத்தாக்கம் செய்தபோதும் இவ்வுத்தி கைவிடப்படவில்லை. கூத்து தன் போலியை மறைப்பதில்லை. மத்தளக்காரர் நம் கண்முன்னே நிற்கின்றார். திரைப்படமோ சிரட்டையை மறைத்துக் குதிரையை மட்டுமே காட்டுகின்றது. தொல்காப்பியர் கூறும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாட்டைக்கொண்டு நோக்கின், நாடக வழக்கால் ஆனதை உலகியல் வழக்கென நம்மை நம்பவைப்பதே திரையொலியின் இயல்பு எனலாம். மறைத்துச் செய்யும் கலைக்குப் பொறுப்பும் அதிகம்.

இப்பொறுப்பினை நான் உணர்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சியினாலேயாகும். எமது மாணவர் சிலர் சேர்ந்து, வாவி மீனவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தோம். கல்லடியிலே தோணியில் நின்றபடி ஒருவர் வலைவீசும் காட்சி அதன் உயிர்நிலை. களத்திற் பதிவான ஒலியிலோ காற்றின் இரைச்சலும் பாலத்து வாகனங்களின் ஓசையுமே மிகுந்திருந்தன. ஆகவே நனைந்த சாக்கொன்றைத் தண்ணீர்த் தொட்டியிலே போட்டுப் பதிவுசெய்து சேர்த்தோம். எமக்கு அது முழுநிறைவு தந்தது. படத்தில் தோன்றிய முதியவர் பார்த்துவிட்டு, "இது வலெ இல்ல மனே, சாக்கு. வலெண்டா முதல்ல மணியெல்லோ விழவேணும்" என்றார்.

வீச்சுவலையின் விளிம்பிலே கோத்த ஈயமணிகள் வட்டமாய் நீரைத் தொடும். அதன்பின்பே நூல் படியும். மழைத்துளிகள் ஓரிடத்திற் கூடி விழுந்து ஓய்வதுபோன்ற ஓசை அது. வாவிக்கரையிலே பிறந்து வளர்ந்த நாம் அதனைக் கேட்டிருந்தும் கேளாதவராயிருந்தோம். தண்ணீரில் எது விழுந்தாலும் 'தொப்' என்பதே ஒலி எனப் படங்கள் எம் செவியைப் பழக்கியிருந்தன. மறுநாள் புளியங்கொட்டைகளை ஒரு வளைவாகத் தொட்டியிலே தூவி, உடன் ஈரத்துணியை விரித்துப் போட்டோம். முதியவர் கேட்டுச் சிரித்தார். "வலெ விழுந்திட்டு, மீனத்தான் காணல்ல" என்றார்.

சாக்கும் மெய்யன்று, புளியங்கொட்டையும் மெய்யன்று. எனினும் முன்னது உலகவழக்குப் போலி, பின்னது இலக்கணப் போலி. பொருள் திரிந்ததா, திரியவில்லையா என்பதே அளவுகோல். அதனை அளப்பவரும் அவ்வொலியோடு வாழ்வோரேயாவர். கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் யாழையும் திணைக்குத் திணை வேறாக எண்ணியதை இங்கு நினைவுகூரல் தகும். ஒலியும் நிலத்துக்குரியதே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறிய நாவலடியில் வாழ்வோர்க்கு, திரையில் எழும் அலையோசை வெறும் அழகுக்குறிப்பாய் ஒலிக்குமோ?

1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் ரெனன்ற், இரவிலே வாவியின் இசையைக் கேட்டு, ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தோடு அதனை ஒப்பிட்டெழுதினார். மெய்யான ஒலியைச் சொல்லவும் அவருக்கு ஒரு வீட்டுப்பொருளே துணைசெய்தது. ஆனால் அவர் முதலில் தோணியிலேறி, நீரினுள்ளிருந்து எழுந்ததைச் செவிகொடுத்துக் கேட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்று ஆயத்த ஒலிகள் கணினியில் ஆயிரக்கணக்கிற் கிடைக்கின்றன. எந்நாட்டு நீரோ நம் வாவியாகத் திரையில் ஓடுகின்றது. படமெடுக்க விழையும் எம் தலைமுறையினர், அவற்றை நாடுமுன் ஓரிரவேனும் கரையிலிருந்து கேட்பார்களாக. சிரட்டையும் புளியங்கொட்டையும் எங்கும் கிடைக்கும். கேட்ட செவியே அரிது.