ஓதம் காத்த செவுரும் ஒண்டுக்குடித்தனக் கதைகளும்

வாடகை வீடு தமிழ் நவீன இலக்கியத்துக்குப் புதிய களம் இல்லை. ஒண்டுக்குடித்தனம் என்கிற சொல்லே ஒரு தனிக் கதைவகையைக் குறிக்கும் அளவுக்கு நடுத்தர வர்க்க எழுத்தாளர்கள் அதை எழுதித் தீர்த்திருக்கிறார்கள். ஒழுகும் கூரை, ஒரே கக்கூசுக்கு நாலு குடும்பம், விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தும் வீட்டுக்காரி, வாடகை பாக்கிக்காகப் பதுங்கி நடக்கும் குமாஸ்தா எல்லோரும் வந்து போயிருக்கிறார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னையில் குடித்தனக்காரர்கள் தண்ணீருக்குப் படும் பாட்டைச் சொல்கிற நாவல். நல்ல நாவல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பிரச்சினை அந்த ஒரு நாவலோடு அல்ல, இந்த வகைக் கதையாடல் மொத்தத்தோடு. இந்தக் கதைகளில் குடித்தனம் ஏற்கனவே தொடங்கிவிட்டிருக்கிறது. வீடு கேட்டுப் போன அன்றைக்கு வாசற்படியில் என்ன கேட்டார்கள் என்பது, நான் படித்தவரையில், எழுதப்படவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அங்கே எழவில்லை போலும். வீட்டுக்காரனும் குடித்தனக்காரனும் பெரும்பாலும் ஒரே சாதி, அல்லது ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கிற சாதி. அதனால்தான் அங்கே சண்டை போட முடிகிறது. சண்டையை நகைச்சுவையாக எழுதவும் முடிகிறது.

வளவனூரில் வீடு தேடிய எவருக்கும், அதாவது நம்மில் எவருக்கும், அந்தக் கேள்வி மனப்பாடம். "இன்னா ஊரு தம்பி?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெருவு?" தெருவைச் சொல்லாமல் மழுப்பினால், "ஊரா, காலனியா?" விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பஸ்ஸும் ரயிலும் நிற்கிற ஊர். இரண்டு பக்கமும் வேலைக்குப் போக வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஆகவே சுற்றுக் கிராமங்களிலிருந்து வாடகைக்கு வருகிறவர்கள் உண்டு. நான் பதினோரு வீட்டு வாசலில் நின்றேன். பன்னிரண்டாவது வீடு கிடைத்தது. அது இரண்டு மழைக்காலமாகச் சும்மா கிடந்த வீடு. தெருவை விடப் பள்ளம். உள்ளே நுழைந்ததும் ஈரச்சாக்கு வாடை. முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து உப்புப் பூத்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் கருப்புப் பூசணம். என் மனைவி சொன்னாள்: "செவுருக்குச் சொறி புடிச்சிருக்குது." வேறு யாரும் வராத வீடு என்பதால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. இதை ஒரு பொருளாதார விதியாகவே எழுதலாம்: சந்தையில் கழித்துப்போடப்பட்ட வீடும் சாதியால் கழித்துப்போடப்பட்ட குடித்தனமும் ஒன்றையொன்று வந்து சேர்கின்றன. 2015இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் டெல்லியிலும் சுற்றுநகரங்களிலும் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டது மட்டுமல்ல, வீடு தர ஒப்புக்கொண்ட சிலரும் தனி நிபந்தனைகள் போட்டார்கள் என்று அது சொல்கிறது. வளவனூரில் அந்த நிபந்தனையின் பெயர் ஓதம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இலக்கியத்தில் ஓதம் என்றால் கடல், அலை, பொங்கிவரும் வெள்ளம். தமிழய்யா வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பேச்சில் அது சுவரில் ஏறுகிற நோய். இரண்டும் ஒரே தண்ணீர்தான். யார் கரையில் நின்று பார்க்கிறார்கள், யார் அதற்குள் பாய் விரிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது அம்பேத்கரிடம் வருகிறேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் சொல்லலாம், 1930களின் நடுவில் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள். அதில் 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போய் வீடு கிடைக்காமல் தவித்த பகுதியை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியது, பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது, தங்க இடம் கேட்டபோது நண்பர்கள் நழுவியது, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய் ரயில் ஏறியது. வெளியேற்றத்தைப் படிக்கிற அவசரத்தில், அதற்கு முன்னால் அவர் அந்த இடத்தை வருணித்திருப்பதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். மாடியில் ஒரு சிறிய அறை. பக்கத்தில் பெரிய கூடம் முழுக்க உடைந்த நாற்காலி, பலகை, தட்டுமுட்டுக் குப்பை. மின்விளக்கு கிடையாது, ஒரு அரிக்கேன் விளக்கு. கூடத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் அதற்குத் தினக் கட்டணம் கொடுத்துத் தங்குகிறார். வௌவாலைப் பற்றி விடுதிக்காரனிடம் அவர் குறை சொன்னதாக எழுதவில்லை. எப்படிச் சொல்வார்? பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியிருப்பவன் குறை சொன்னால், அடுத்த பேச்சு 'நீ யார்' என்பதில்தான் போய் நிற்கும். தலைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். இந்தத் தேற்றிக்கொள்ளலை நம் விமர்சகர்கள் இன்னும் படிக்கவில்லை என்பது என் புகார். தீண்டாமை வீட்டை மறுக்கிறது என்பது பாதி உண்மை. வீடு கிடைத்த பிறகு அந்த வீட்டைப் பற்றி வாய் திறக்கும் உரிமையையும் அது மறுக்கிறது.

பாபுராவ் பாகுலின் 'நான் சாதியை மறைத்தபோது' (மராத்தியில் 1963) கதையையும் இதே கண்ணோடு திரும்பப் படிக்கலாம். சூரத் பக்கம் உத்னாவில் ரயில்வே வேலைக்குப் போனவன், சாதி சொல்லாமல் தங்குகிறான். கடைசியில் உதை வாங்குகிறான். உதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் பேச்சை அளந்து பேசி, பார்வையைத் தவிர்த்து அவன் இருந்த இருப்பு இருக்கிறதே, அதுதான் ஓதம். சத்தமில்லாமல் கீழேயிருந்து ஏறுவது.

அந்த வளவனூர் வீட்டுக்காரரிடம் நான் ஒருமுறை சொன்னேன். பையனுக்கு ராத்திரியெல்லாம் வீசிங். நெபுலைசர் வைக்க விழுப்புரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தோம். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார்: "தம்பி, நீங்க துணிய உள்ளயே காயப் போடுறீங்க. கவுச்சி ஆக்கும்போது கதவு சன்னல சாத்திக்கிறீங்க. ஒங்க புழக்கம் அப்பிடி. செவுரு இன்னா பண்ணும்?" அவர் சொன்ன இரண்டு செய்தியும் உண்மை. துணியை உள்ளே காயப்போட்டோம், ஏனென்றால் மாடிக் கொடி எங்களுக்கில்லை என்பது குடிவந்த அன்றே சொல்லப்பட்ட விதி. சன்னலைச் சாத்தினோம், ஏனென்றால் கறி வாடை வெளியே போகக்கூடாது என்பது சொல்லப்படாத விதி. அடைத்த அறையில் ஆவி போக வழியில்லாமல் சுவரில் படியும், பூசணம் பிடிக்கும், யாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்தது எங்கள் புழக்கத்தால் இல்லை. அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமலிருக்க ஒரு பட்டை போடுவார்கள், கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள். அது அந்த வீட்டில் இல்லை. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, தண்ணீர் காய்ந்து போகிறது, கரைந்து வந்த உப்பு மட்டும் நின்று காரையைப் பெயர்க்கிறது. மேலே எத்தனை முறை டிஸ்டெம்பர் அடித்தாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும். என் அம்மா அதை வேறு மாதிரி சொன்னாள்: "நம்ம வூடுன்னா மண்ணக் கொழச்சி மெழுவிக்கலாம். அடுத்தவன் செவுத்துல ஆணி அடிக்கக்கூட கேக்கணுமே."

'உங்கள் புழக்கம்' என்கிற இந்தச் சொல்லாடல் கடல் கடந்தும் இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேலில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததுதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார். தகப்பன் 2017லிருந்து முறையிட்டு வந்திருக்கிறார். பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் குளிக்கிற முறை, சமைக்கிற முறைதான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் தானாக முடிவு கட்டியிருந்தது. அது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. கருப்பர், அகதி, முஸ்லிம், பறையர் என்று பெயர்தான் மாறுகிறது. சுவரின் குற்றம் உடம்பின் குற்றமாக எழுதப்படுகிற விதம் மாறவில்லை.

நம் எழுத்தையும் கேட்டாக வேண்டும். பாமாவின் 'கருக்கு' (1992) தொடக்கத்திலேயே எந்தச் சாதி எந்தத் தெரு, கடை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று ஊரின் வரைபடத்தைப் போட்டுவிடுகிறது. விழி.பா. இதயவேந்தன் விழுப்புரத்துத் தெருக்களிலிருந்தே எழுதியவர், தொகுப்பின் பெயரே 'நந்தனார் தெரு'. சேரி, காலனி, தெரு என்று நம் இலக்கியம் கூட்டமாக வாழும் இடத்தை எழுதியிருக்கிறது. 1978இல் விழுப்புரத்தில் பன்னிரண்டு பேரைக் கொன்ற நினைவு இருக்கிற மண்ணில் கூட்டமாக இருப்பதே ஒரு பாதுகாப்பு என்பதும் புரிகிறது. ஆனால் படித்து வேலைக்குப் போய் ஊர்த்தெருவில் தனியாக ஒரு வீட்டில் குடியிருக்கிறவன் கதை நம்மிடம் குறைவு. அதை எழுதினால் மறைத்ததையும் எழுத வேண்டியிருக்கும். அம்பேத்கர் படம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்ததை எழுத வேண்டியிருக்கும். வெட்கம் தடுக்கிறது. அம்பேத்கரே பார்சிப் பெயரை மறைக்காமல் எழுதியிருக்கும்போது நமக்கு என்ன வெட்கம் என்றுதான் நான் கேட்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் எழுதக்கூடும் என்பதால் சுருக்கமாக. 1955ஆம் ஆண்டுச் சட்டமே குடியிருப்பில் வசிப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. "வூடு காலியில்ல" என்கிற மூன்று சொல்லின் முன்னால் அது என்ன செய்யும்? தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி கட்டுமானப் பழுது பார்ப்பதும் வெள்ளையடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும். வாய்வார்த்தையில் அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தவனிடம் காகிதம் ஏது? 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சி அல்லாதவருக்கு வீடு விற்கக்கூடாது என்று வைத்த விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பரோடாவிலிருந்து அகமதாபாத் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. அரசு ரேஷன் அட்டைக்கு 2000 ரூபாயும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தால் குடிசை விழுந்ததா, மாடு செத்ததா என்று கேட்பார்கள். சுவர் நிற்கிற வீட்டில் உள்ளே ஓதம் இடுப்புக்கு ஏறியிருந்தால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்த வாரம் வளவனூருக்குப் போயிருந்தேன். நாங்கள் காலி செய்த வீட்டில் இப்போது ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா பாயைச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்துவிட்டுச் சுவரை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"எங்க புழக்கம் சரியில்லன்னு சொல்றாரு, அண்ணா."