ராட்டினம் செய்த கை

கோயில் சிற்பத்தை ஒருமுறை பார்த்ததும் இது இன்னார் கை என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. கேளிக்கைப் பூங்கா ராட்டினங்களுக்கும் அப்படியொரு பார்வை வேண்டும். பெயரும் வண்ணமும் உரிமை கைமாறும்போதெல்லாம் மாறும். அசைவு மாறாது; அதைக் கொண்டே செய்த நிறுவனத்தை அறியலாம்.

அமெரிக்க மரபில் மூத்தவற்றுள் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் ஈலாய் பிரிட்ஜ் நிறுவனம். 1893இல் சிகாகோவில் ஃபெரிஸ் அமைத்த ராட்சதச் சக்கரத்தைக் கண்டு மயங்கிய டபிள்யூ. இ. சல்லிவன், ஊர் ஊராகக் கொண்டுபோகத்தக்க சிறு சக்கரத்தை 1900இல் ஓட்டிக் காட்டினார். அவரது நிறுவனத்தின் ஸ்கிராம்ப்ளர் ராட்டினத்தில் மூன்று கொத்து, கொத்துக்கு நான்கு இருக்கைப் பெட்டிகள்.

மின்னசோட்டாவில் ஹெர்பர்ட் செல்னர் 1926இல் படைத்தது டில்ட்-எ-வேர்ல். அருகே நின்று பாருங்கள். மேடுபள்ளமான வட்டப் பாதையில் ஏழு பெட்டிகள். தளத்தைத்தான் மோட்டார் சுற்றுகிறது. பெட்டியைத் திருப்புவது சரிவும் அமர்ந்தவர்களின் எடையும். மேட்டில் தயங்கும், இறக்கத்தில் வெடுக்கென்று சுழலும், அடுத்த மேட்டில் வேறு பக்கம் திரும்பும்.

ஓரிகானின் ஐயர்லி விமானத் தொழிலிலிருந்து வந்த நிறுவனம். லூப்-ஓ-பிளேனும் ஆக்டோபஸும் அதன் பிள்ளைகள். கன்சாஸின் சான்ஸ் நிறுவனம் 1968இல் தந்த ஜிப்பரில், சுழலும் நீள்சட்டத்தைச் சுற்றிக் கூண்டுகளைக் கம்பிவடம் இழுத்துச் செல்லும்.

ஐரோப்பிய மரபில் ஜெர்மனியின் ஹுஸ் பேர்பெற்றது. இரு கரங்களுக்கிடையே நீண்ட இருக்கை வரிசை குப்புறக் கவிழ்ந்தால் அது டாப் ஸ்பின். இத்தாலியின் ஜாம்பெர்லா டிஸ்கோவில், வளைந்த தண்டவாளத்தின் மேல் வட்டத்தட்டு முன்னும் பின்னும் ஓடியபடியே சுழலும். அமர்ந்தவர்கள் வெளிப்பக்கம் பார்த்திருப்பார்கள்.

அசைவு மட்டும் போதாத இடமும் உண்டு. என்டர்பிரைஸ் ராட்டினத்தை முதலில் ஷ்வார்ட்ஸ்கோப் நிறுவனமும் பிறகு ஹுஸும் செய்தன. அங்கே தீர்ப்புச் சொல்வது இயந்திரத்தில் பதித்த உலோகத் தகடு: செய்தவர் பெயர், வரிசை எண், ஆண்டு.

அந்தத் தகட்டில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. ஓர் அச்சில் விரிசல் விழக்கூடும் என்று தயாரிப்பாளர் எச்சரிக்கை விடுத்தால், அது எந்த ராட்டினத்துக்கு உரியது என்பதை அந்த எண்ணே சொல்லும். தரநிலைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பில் கேளிக்கைச் சவாரிகளுக்கான குழு 1978இல் அமைந்தது முதல், தயாரிப்பாளர் தரும் தகவல் பாதுகாப்பு நெறியின் பகுதியாகவே வளர்ந்திருக்கிறது.

பூங்கா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: ராட்டினத்துக்கு எந்த வண்ணமும் பூசுங்கள், எந்தப் பெயரும் சூட்டுங்கள். அந்தத் தகட்டின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள்.