பறவையைக் கண்டனர், மனிதனை மறந்தனர்

பயணக் கட்டுரை எழுதுவோர் தொகை பெருகி வருகிறது. மகிழத்தக்கதே. எனினும், பெரு நாட்டுப் பராகஸ் கடற்கரைக்கு ஒருநாள் உலாச் சென்று வந்தோர் எழுதுவனவற்றைப் படிக்குந்தோறும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது.

இவை பெரும்பாலும் ஒரே வார்ப்பு. தலைநகர் லிமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஒருபுறம் பசிபிக் பெருங்கடல், மறுபுறம் மணற்பாலை. காலையில் விசைப்படகேறிப் பாயெஸ்தாஸ் தீவுகளைச் சுற்றி இரண்டு மணி நேரத்தில் திரும்புதல். கடற்சிங்கம், பென்குயின், கூழைக்கடா என ஒரு பட்டியல். முடிவில், ‘ஏழைகளின் கலாபகோஸ்’ என்னும் பட்டப்பெயர்.

அப்பெயரே எழுதியவரின் சோம்பலுக்குச் சான்று. ஓரிடத்தைப் பிறிதோர் இடத்தின் மலிவுப் பதிப்பாகக் கருதுபவர் அவ்விடத்தைக் கண்டவர் ஆகார். வெப்ப மண்டலத்தில் பென்குயின் வாழ்வது எங்ஙனம் என்று வினவியிருப்பின், ஹம்போல்ட் நீரோட்டம் விடை தந்திருக்கும். அக்குளிர்நீரே நெத்திலியைப் பெருக்குகிறது. நெத்திலி பறவைகளை வளர்க்கிறது. அதே குளிர்ச்சி மழையைத் தடுத்துக் கரையைப் பாலையாக்குகிறது. கழுவ மழையின்மையால் பறவைகளின் எச்சம் பாறைமேல் குவிகிறது. அதுவே குவானோ என்னும் உரம்.

அருகிலுள்ள சிஞ்சா தீவுகளில் 1840களில் தொடங்கி அவ்வுரத்தை வெட்டி ஐரோப்பாவுக்கு ஏற்றினர். 1864இல் ஸ்பெயின் அத்தீவுகளைக் கைப்பற்ற, போரும் மூண்டது. வெட்டியவர் யாவர்? 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் இத்தீவுகளின் புழுதியில் உழன்று மாய்ந்தனர். நம் கட்டுரைகளில் எச்சத்தின் நாற்றம் உண்டு. அம்மக்களின் வியர்வை இல்லை.

1183இல் பயணம் புறப்பட்ட இப்னு ஜுபைரும் ஒரு பாலைக்கரையைக் கண்டவரே. செங்கடலின் ஐதாப் துறையில், தென்னங்கயிற்றால் தைத்த மரக்கலங்களின் அமைப்பை விரித்துரைத்த அப்பெரியார், கூலிப் பேராசையால் ஹாஜிகளை அளவின்றி அடைத்தேற்றிய கலத்துக்காரரின் கொடுமையையும் மறைக்கவில்லை. அவர்தம் ரிஹ்லா இன்றும் வாழ்வதற்கு அந்நேர்மையும் ஒரு காரணமன்றோ?

படகில் நேரமில்லை, தீவில் இறங்க அனுமதியுமில்லை என்பர். உண்மையே. ஆயின், வீடு திரும்பிய பின் எழுதுகோலை எடுக்குமுன் நேரமுண்டு. நம் பிள்ளைகள் இக்கட்டுரைகளின் வழியாகவே தொலைநாடுகளை அறிகின்றனர். கண்டதை எழுதினால் மட்டும் போதாது. கண்டதைப் பற்றிக் கேட்டறிந்தும் எழுதுக.